பினாங்கில் முதல் மாதம்: கூச்சமில்லாமல் கேட்டுச் சாப்பிட ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ பினாங்கு வந்திறங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர், முதல் மாதம் முழுக்க லிட்டில் இந்தியாவின் நாலு தெருவுக்குள்ளேயே இட்லியும் தோசையுமாக ஓட்டிவிடுகிறார்கள். மற்ற சாப்பாடு பிடிக்காமல் அல்ல. என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்ற கூச்சம், தட்டில் எந்த இறைச்சி கலந்திருக்குமோ என்ற பயம், கடைசியில் எவ்வளவு கேட்பார்களோ என்ற கவலை. இந்த மூன்றும் தீர்ந்தால் இந்தத் தீவில் சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. உங்கள் வழக்கம் எதையும் விட வேண்டியதில்லை. எதை, யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில், எந்த வகைக் கடை என்று பாருங்கள்

இங்கே கடைக்குக் கடை முறை வேறு. உட்காருமுன் அதைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாசலிலேயே ரொட்டிக்கல், பெரிய தேநீர் டப்பா, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் குழம்புச் சட்டிகள் என்று இருந்தால் அது மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம்களின் கடை. உட்காருங்கள், ஆள் வருவார். சாப்பிட்டு முடித்தபின் காசு.

பளிங்கு மேசை, மர நாற்காலி, சுவரோரம் வரிசையாகத் தள்ளுவண்டிகள் என்றால் சீனர்களின் கோப்பிக்கடை. அங்கே ஒவ்வொரு வண்டியும் தனி வியாபாரம். நீங்கள்தான் எழுந்து போய்ச் சொல்ல வேண்டும். தட்டு மேசைக்கு வந்ததும் அங்கேயே காசு.

திறந்தவெளியில் பல கடைகள் ஒன்றாக இருப்பது அங்காடிக் கடைத் தொகுதி. கர்னி டிரைவ், பாடாங் பிரவுன், நியூ லேன் எல்லாம் இந்த வகை. முறை கோப்பிக்கடை மாதிரியேதான்.

வாழை இலைக் கடையை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

தண்ணியிலிருந்து தொடங்குங்கள்

எந்தக் கடையிலும் முதலில் வரும் கேள்வி, குடிக்க என்ன என்பதுதான். தேநீர், காப்பி என்று குடிக்கிற எல்லாவற்றையும் இங்கே 'தண்ணி' என்பார்கள். 'டீ' என்று மட்டும் சொன்னால் கெட்டிப் பால் ஊற்றி நல்ல இனிப்பாக வரும். 'தே' என்றால் கெட்டிப் பால் தேநீர், 'தே ஓ' என்றால் பாலில்லாமல் சர்க்கரையோடு, 'தே சி' என்றால் டின்னில் வரும் இனிப்பில்லாத பாலும் சர்க்கரையும். அதோடு 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை கிடையாது. 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைச்சல். 'ஐஸ்' அல்லது 'பெங்' என்றால் ஐஸ் போட்டது. காப்பிக்கும் இதே கணக்கு. 'கோப்பி ஓ கோசோங்' என்று ஒருமுறை தயங்காமல் சொல்லிப் பாருங்கள், மறுநாள் முகம் பார்த்ததுமே அவரே கொண்டுவந்து வைப்பார்.

சர்க்கரை நோய் உள்ள பெற்றோரை அழைத்து வருகிறவர்கள் 'தே ஓ கோசோங்' என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். 'தே கோசோங்' என்று சொன்னால் சில கடைகளில் கெட்டிப் பாலோடு வந்துவிடும். அந்தப் பாலிலேயே சர்க்கரை இருக்கிறது.

வெறும் தண்ணீர் வேண்டுமானால் 'ஆயேர் கோசோங்'. வெதுவெதுப்பாக வேண்டுமானால் 'ஆயேர் சுவாம்'. நம் ஊர் மாதிரி செம்பில் தானாக வராது, அதற்கும் சில காசு வாங்குவார்கள். கோப்பிக்கடையில் தண்ணிக்காரர் தனி, சாப்பாட்டு வண்டிக்காரர் தனி. தண்ணி விற்பதுதான் பெரும்பாலும் கடை முதலாளியின் வருமானம். ஆகவே உட்கார்ந்தால் ஏதாவது ஒரு தண்ணி சொல்வது மரியாதை. சொல்லாவிட்டால் இடத்துக்கு இவ்வளவு என்று சில கடைகளில் அட்டையில் எழுதியே மாட்டியிருப்பார்கள்.

பினாங்குக்கே உரியது ஜாதிக்காய்ச் சாறு. துவர்ப்பும் வாசமுமாக, வெயிலுக்கு அதற்கு இணை கிடையாது. வந்த வாரத்திலேயே ஒரு தடவை குடித்துவிடுங்கள்.

ரொட்டி சானாய்: தைரியம் வர நல்ல இடம்

காலைப் பசியாற இதைவிட எளிய தொடக்கம் இல்லை. எண்ணெயில் ஊறிக் கிடக்கும் மாவு உருண்டையை எடுத்துத் தட்டி, இரண்டு கையாலும் சுழற்றி வீசி, கண்ணாடித் தாள் போல விரித்து, மடித்துக் கல்லில் போடுவார். வெந்ததும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஒரு அறை. அந்த அறையில்தான் அடுக்குகள் பிரிந்து காற்று ஏறும். அறை விழுந்த ரொட்டியை உடனே சாப்பிட வேண்டும். முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைத்திருக்கும் கடையில் புதிதாக ஒன்று போடச் சொல்லிக் கேளுங்கள், தவறில்லை.

முட்டை போட்டது 'ரொட்டி தெலூர்', வெங்காயம் போட்டது 'ரொட்டி பாவாங்'. சும்மா 'ஒன்று' என்றால் வெறும் ரொட்டியும் பருப்பும் வரும். குழம்பை மேலேயே ஊற்றித் தரச் சொல்ல 'பஞ்சிர்'. தனிக் கிண்ணத்தில் வேண்டுமானால் 'குவா ஆசிங்'. சைவக்காரர்கள் 'பருப்பு மட்டும்' என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பருப்போடு ஒரு கரண்டி மீன் குழம்போ கோழிக் குழம்போ பக்கத்தில் சேர்ந்து வந்துவிடும், அன்பாகத்தான். பருப்புக் கரண்டியே மற்றச் சட்டிகளுக்கும் போவதைப் பார்த்தால், கண்டிப்பான சைவர்கள் அந்தக் கடையில் தோசையும் தேங்காய்ச் சட்னியும் மட்டும் கேட்பது நல்லது. கல்லும் பொதுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாமாக் கடைகளில் வேலை செய்கிற அண்ணன்மாரில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நிறைய. வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். 'அண்ணே' என்று கூப்பிடுங்கள், இங்கே மலாய்க்காரரும் சீனரும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் பதில் வந்தால் தமிழிலேயே பேசுங்கள். வராவிட்டால் நாலு மலாய்ச் சொல் கைகொடுக்கும்: 'இனி அப்பா' என்றால் இது என்ன, 'பெராப்பா' என்றால் எவ்வளவு, 'தாக் மாவ்' என்றால் வேண்டாம், 'பூங்கூஸ்' என்றால் கட்டிக் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் 'கிரா' என்று சொன்னால் கணக்குப் போட வருவார். சீனக் கடைகளில் பெரியவர்களை அங்கிள், ஆண்ட்டி என்றே கூப்பிடலாம். மலாய்க் கடையில் அண்ணன்மாரை 'அபாங்', அக்காமாரை 'காக்'.

நாசி கண்டார்: வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்யுங்கள்

இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறுவதும், பழகியபின் விட முடியாமல் போவதும் இங்கேதான்.

தோளில் காவடித்தண்டு போட்டு ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றுத் தொடங்கிய தமிழ் முஸ்லிம்களின் தொழில் இது. ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இதில் இருக்கின்றன. கேம்பல் தெருவில் இருக்கும் ஹமீதியா 1907-இல் தொடங்கியது. பினாங்கு ரோட்டுச் சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர், குருத்வாரா ரோட்டுத் தீன் மாஜு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலை ஒட்டிய பெராத்தூர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கடை. எது சிறந்தது என்று பினாங்குக்காரர் இருவரைக் கேட்டால் மூன்று பதில் வரும். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. வரிசை நீளமாக இருக்கும் நேரத்தில் போனால் எல்லாக் கடையிலும் சட்டி சூடாக இருக்கும் என்பதுதான் என் கணக்கு.

முறை இதுதான். வரிசையில் நிற்கும்போதே கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்து, பெரிய அயிட்டம் ஒன்று, காய் ஒன்று என்று மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் முறை வந்ததும் அவர் தட்டில் சோற்றைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்கு இரண்டு நொடிதான் ஆயுள். 'ஆயாம் கோரெங், வெண்டைக்காய்', அதாவது பொரித்த கோழியும் வெண்டைக்காயும், என்று சொல்லி முடிப்பதற்குள் வெண்டைக்காயை வெட்டிப் போட்டிருப்பார். பிறகு குழம்பு. இங்கேதான் விஷயமே இருக்கிறது. கோழிக் குழம்பு, மீன் குழம்பு, மாட்டிறைச்சிக் குழம்பு, பருப்பு என்று நாலைந்து சட்டியிலிருந்து அரைக் கரண்டி அரைக் கரண்டியாக ஊற்றுவதுதான் வழக்கம். அந்தக் கலவையில்தான் இதன் ருசி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சோறு விழும் நேரத்திலேயே, 'அண்ணே, மாட்டுக் குழம்பு வேண்டாம், கோழிக் குழம்பும் மீன் குழம்பும் மட்டும் ஊத்துங்க' என்று சொல்லிவிட வேண்டும். குழம்பு விழுந்தபின் சொன்னால் தட்டையே மாற்ற வேண்டியிருக்கும், வரிசையும் நிற்கும். முன்பே சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். தினமும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள்.

விலையும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. சோறு, கோழி, காய், முட்டை எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை, கூட்டித்தான் கணக்கு. பெரிய இறால், மீன் தலை, மீன் சினை, கணவாய் ஆகிய நான்கும்தான் பில்லை ஏற்றிவிடும். ஒரு பெரிய இறாலே மற்ற எல்லாவற்றையும் சேர்த்தால் வரும் விலையைத் தொட்டுவிடலாம். ஆகவே அவற்றைக் கேட்கும் முன் 'இது எவ்வளவு?' என்று கேளுங்கள். விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம், கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது: சோறு, பொரித்த கோழி ஒரு துண்டு, வெண்டைக்காய், பாதி உப்பு முட்டை, கலந்த குழம்பு. இறாலைச் சம்பளம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

கையால் சாப்பிடலாம், கரண்டியும் இருக்கும். கை கழுவத் தொட்டி கடையிலேயே இருக்கும். கட்டிக்கொண்டு போவதானால் குழம்பைத் தனிப்பையில் கேட்காதீர்கள். மேலே ஊற்றிக் காகிதத்தில் மடித்து, அரை மணி கழித்துப் பிரித்தால் சோறு குழம்பைக் குடித்து வேறு ருசியாக இருக்கும்.

கோப்பிக்கடையும் அங்காடிக் கடையும்

முதலில் மேசையைப் பிடியுங்கள். மேசையில் எண் ஒட்டியிருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டிக்குப் போய் என்ன வேண்டும், எத்தனை தட்டு, எந்த மேசை என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். கூட்டமாக இருந்தால் தெரியாதவர் எதிரில் வந்து உட்காருவார். இங்கே அது இயல்பு, லேசாகத் தலையசைத்தால் போதும். தட்டு வந்ததும் கொடுக்கச் சில்லறையைக் கையில் தயாராக வையுங்கள்.

எதைச் சாப்பிடுவது? நம் நாக்குக்கு உடனே பிடிபடுவது அசாம் லக்சா என்பது என் கருத்து. மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்பேற்றிய குழம்பில் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், பச்சை மிளகாய். ஓரத்தில் ஒரு கரண்டி கறுப்பான இறால் விழுது வைப்பார்கள். முதல் தடவை அது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள். ஆயேர் ஈத்தாம் பக்கம் கெக் லோக் சி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயே சாப்பிடலாம்.

பாசெம்பூர் நம்மவர்களே விற்பது. வடை, இறால் வடை, உருளைக்கிழங்கு, டோஃபு, வெள்ளரி எல்லாவற்றையும் வெட்டிப் போட்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கடலையும் சேர்ந்த காரக் குழம்பை ஊற்றித் தருவார்கள். அங்கே நீங்களே துண்டு பொறுக்கும் முறை இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் விலை உண்டு. ஆசைக்குப் பொறுக்கிவிட்டு முழிக்க வேண்டாம், எடுக்கும்போதே கேளுங்கள்.

தட்டையான அரிசி நூடுல்ஸை வதக்கித் தரும் சார் குவே தியோவைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சீனக் கடைகளில் அதைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுதான் பழைய முறை. இறால் சூப்பில் வரும் நூடுல்ஸான ஹொக்கியன் மீயின் சாற்றிலும் பன்றி எலும்பு இருக்கும். தட்டில் துண்டு தெரியாததால் பலருக்கு இது தெரிவதில்லை. பன்றி வேண்டாதவர்கள், மலாய்க்காரர் போடும் குவே தியோவைத் தேடிப் போகலாம், அதுவும் அருமையாகவே இருக்கும்.

உங்கள் விலக்கைச் சொல்லும் முறை

மலாயில் 'டாகிங்' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். 'ஆயாம்' கோழி, 'கம்பிங்' ஆட்டிறைச்சி, 'ஈக்கான்' மீன், 'ஊடாங்' இறால், 'சோத்தோங்' கணவாய், 'பாபி' பன்றி. மாடு வேண்டாம் என்று சொன்னால் சீனக் கடைக்காரருக்கு அது புதிதாகவே தெரியாது. குவான் யின் அம்மனைக் கும்பிடும் சீனர் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை.

சைவக்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று. 'சாயூர்' என்று கேட்டால் காய் வரும், ஆனால் அதில் பெலாச்சான் எனும் இறால் விழுதோ காய்ந்த நெத்திலியோ இருக்கும். மலாய்க் கடைக் கங்கோங் கீரை, தேங்காய்ப் பால் சோறான நாசி லெமாக்கின் சம்பல் இரண்டிலும் இதுதான் கதை. 'தாக் மாவ் ஈக்கான், தாக் மாவ் ஊடாங், தாக் மாவ் பெலாச்சான்' என்று மூன்றையும் அடுக்கிச் சொல்லுங்கள். அதைவிடப் பாதுகாப்பான வழி, சீனச் சைவக் கடைகள். பலகையில் பௌத்தச் சுவஸ்திகைக் குறி இருந்தால் பெரும்பாலும் சைவக் கடைதான். பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. கோழி, மீன் மாதிரியே செய்து வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சோயாவும் காளானும்தான். முட்டை சாப்பிடாதவர்கள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இந்தக் கடைகளில் கூட்டம் நெரியும், சீக்கிரம் போங்கள்.

முஸ்லிம் வாசகர்கள், ஜாக்கிம் எனும் அரசு இஸ்லாமியத் துறையின் ஹலால் சின்னத்தைப் பாருங்கள். 'பன்றி இல்லை' என்று எழுதியிருப்பதும் ஹலால் சான்றிதழும் ஒன்றல்ல. மலாய் நண்பரைச் சாப்பிட அழைக்கும் மற்றவர்களும் இதை நினைவில் வைத்து, அவர் நிம்மதியாக உட்காரக்கூடிய கடைக்கே அழைத்துப் போங்கள்.

வாழை இலை

சோறு, மூன்று காய், அப்பளம், ரசம், மோர் மிளகாய் எல்லாம் ஒரே விலைக்குள், காயும் சோறும் மறுபடி கேட்டால் வரும். கறி, மீன், நண்டு தனி விலை. தட்டில் வரிசையாக எடுத்துக் காட்டுவார்கள். எடுத்தது மட்டுமே பில்லில் வரும் என்பதால் காட்டுவதையெல்லாம் எடுக்க வேண்டாம்.

நேரமும் நாளும்

காலை வண்டி வேறு, மாலை வண்டி வேறு. கோப்பிக்கடையில் காலையில் சாப்பிட்டதைத் தேடி மாலை போனால் அதே இடத்தில் இன்னொருவர் இருப்பார். மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை பல அங்காடிக் கடைகள் காலியாகக் கிடக்கும். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல அடைத்திருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் முஸ்லிம் கடைகளை நம்ப வேண்டாம். மாலை நாலு மணிக்கு மேல் ரமலான் சந்தைக்குப் போங்கள், வருடத்தில் வேறு எப்போதும் கிடைக்காத பலகாரங்கள் அங்கே கிடைக்கும். அந்த மாதத்தில் நோன்பிருக்கிற சக ஊழியர் முன்னால் பொட்டலம் பிரிக்காமல் இருப்பது நல்ல பழக்கம். சீனப் புத்தாண்டுக்குச் சீனக் கடைகள் சில நாள் தொடர்ந்து மூடும்.

தைப்பூசத்துக்கு இங்கே இருந்தால் எந்தக் கடையும் தேவையில்லை. இரதம் போகும் வழியெல்லாம், முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை வரைக்கும் தண்ணீர்ப் பந்தல்கள். சோறு, மோர், பானகம் எல்லாம் கொடுப்பார்கள், யார் என்று கேட்க மாட்டார்கள். சீனரும் வாங்கிக் குடித்தபடி நடப்பார்கள். சாப்பிட்ட தட்டையும் குவளையையும் குப்பைத் தொட்டி வரை கொண்டுபோய்ப் போடுங்கள், பந்தல்காரர்களுக்கு அது பெரிய உதவி.

காசு

ரிங்கிட்டை இங்குள்ள தமிழர் 'வெள்ளி' என்பார்கள், சென் என்பது 'காசு'. பத்து வெள்ளி, ஐம்பது காசு என்று காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம். சிறு கடைகளிலும் கியூஆர் அட்டை இருக்கும், ஆனாலும் சில்லறை வைத்திருங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. குளிர்சாதன உணவகங்கள் போன்ற பெரிய இடங்களில் பில்லின் அடியில் சேவைக் கட்டணமும் சேவை வரியும் சேரலாம், பட்டியலின் கடைசி வரியைப் படியுங்கள். சுவரில் ஏ, பி, சி என்று மாநகர் கழகத்தின் சுத்தத் தரச் சான்றிதழ் மாட்டியிருக்கும், அதையும் ஒரு பார்வை பாருங்கள். 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடிக்கத் தடை உண்டு, திறந்தவெளி மேசைக்கும் அது பொருந்தும்.

ஊர்விட்டு ஊர் போகும்போது

கோலாலம்பூருக்குப் பஸ்ஸிலோ காரிலோ போனால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 'ஆர் அண்ட் ஆர்' எனப்படும் ஓய்விடங்கள் வரும். கழிப்பறை, தொழுகையறை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே வளாகம். பெரும்பாலும் மலாய்ச் சாப்பாடு, ஆகவே மாடு பற்றிய கேள்வியை இங்கேயும் கேளுங்கள். சைவக்காரர்கள் வீட்டிலிருந்தே புளிச்சோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொள்வதுதான் நிம்மதி. ஓய்விடத்தில் பழம் நறுக்கிப் பையில் போட்டு விற்பார்கள், அதை நம்பிப் போகலாம். பஸ் எத்தனை நிமிடம் நிற்கும் என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நாலு பஸ் நிற்கும்.

டுரியான் பருவத்தில், ஜூன் மாதத்தையொட்டி, பாலேக் பூலாவ் பக்கம் போனால் சாலையோரமெல்லாம் கடை. கிலோ என்ன விலை என்று முதலில், எடை பார்த்தபின் மொத்தம் எவ்வளவு என்று இரண்டாவது, அதன்பிறகுதான் உடைக்கச் சொல்ல வேண்டும். கண் முன்னால் உடைத்து ஒரு சுளை காட்டச் சொல்லுங்கள். பழம் சரியில்லாவிட்டால் நல்ல கடைக்காரர் மாற்றித் தருவார். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிடுங்கள், ஹோட்டல் அறைக்கோ பஸ்ஸுக்கோ கொண்டுபோக விடமாட்டார்கள்.